கூரை ஏறிய காலமும் இறங்கிய காலமும்

நிலாவெளியில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகள் ஆவணி, புரட்டாதி மாதங்களில் கவுடுல்லைக்கு யானை பார்க்கப் போகிறார்கள். குளம் வற்றிக் கரையில் புல் முளைக்கும் பருவத்தில் யானைகள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்கும். ஜீப் பேச வருகிற பயணிகளில் பலர் முதலில் மேலே பார்க்கிறார்கள். வானம் தெரிந்தால்தான் வாடகை பேசுகிறார்கள். ஐம்பது வருடங்களுக்கு முன் திருகோணமலைச் சீனன்குடாவில் எங்கள் வீட்டுக்கு ஜீப் கேட்டு வந்தவர்களும் மேலேதான் பார்த்தார்கள். கூரை இருப்பதைக் கண்ட பிறகுதான் அவர்கள் வாயைத் திறந்தார்கள்.

அப்பாவின் லாண்ட்றோவர் கடற்படையிலிருந்து கைமாறி வந்தது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். கப்பலேற்றிக் கொண்டுபோகும் அளவுக்குப் பெறுமதியில்லாத சாமான்கள் பல இங்கேயே விலைப்பட்டன. அப்படி விலைப்பட்டுச் சில கைகள் மாறிய பிறகு அப்பாவிடம் வந்த வண்டிக்கு முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே 86 அங்குலம். பச்சை நிறம். கூரை என்று இருந்தது நாலு வளைகுழாயும் அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய ஒரு படங்கும்தான்.

அது கூரையில்லாமல் பிறந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க ஜீப்புக்குக் கூரை தேவைப்படவில்லை. உள்ளே இருப்பவர் வானத்தைப் பார்க்க வேண்டும், ஆபத்து வந்தால் வெளியே குதிக்க வேண்டும். சீனன்குடாக்காரருக்கு அதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேலும் விமானத்தளத்தின் மேலும் குண்டு போட்டன. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்தது. அந்தத் தாங்கியின் உருகிய மிச்சம் இன்னும் காட்டுக்குள் நிற்கிறது. போர் முடிந்ததும் இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. றோவர் கம்பனியார் அந்த ஜீப்பைப் பார்த்துத் தங்கள் வண்டியைச் செய்தார்கள். செசி மட்டும் இரும்பு, மேலுடல் அலுமினியக் கலவை. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை உலகத்துக்குக் காட்டியபோதும் தலைக்கு மேல் படங்குதான்.

அந்தப் படங்கை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோனது. தனுஷ்கோடியை அழித்த அதே புயல் அதற்கு முன் எங்கள் கரையைத்தான் கடந்தது. காலையில் பார்த்தபோது வளைகுழாய்களில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம், கழித்துவிட்ட வேறொரு லாண்ட்றோவரிலிருந்து அப்பா அலுமினியக் கூரையையும் இரண்டு பக்கத் தகடுகளையும் பின்கதவையும் வாங்கி வந்தார். அந்தக் கூரைக்கு மேலே இன்னொரு தகடு, இரண்டுக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி. வெயில் மேல்தகட்டில் விழும், கீழ்த்தகடு அவ்வளவு சுடாது. வெப்ப நாடுகளுக்கென்றே செய்த கூரை அது. ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

கூரை ஏறிய பிறகு வண்டிக்கு ஊரில் இருந்த மரியாதையே வேறு. தம்பலகாமத்து நெல்மூட்டை மழையில் நனையாமல் ஆலைக்குப் போனது. ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவுக்கு அம்மாவும் சித்திமாரும் பட்டுச்சேலையில் புழுதி படாமல் போய் இறங்கினார்கள். மார்கழி மழையில் வயிற்றுவலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நடுச்சாமத்தில் எங்கள் படலையைத்தான் தட்டுவார்கள். கிண்ணியாத் துறையில் பாதை என்கிற மிதவைப்படகு அக்கரையில் நின்றால் இக்கரையில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாரல் அடிக்கும் அந்தத் துறையடியில் கூரையுள்ள வண்டி ஒன்று நிற்பது எத்தனை பேருக்கு உதவியது என்பதை நான் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறேன். தெரியாத பிள்ளைகளையும் அப்பா உள்ளே ஏற்றி இருத்துவார். எங்களுக்குக் கூரை என்றால் அதுதான் அர்த்தம்.

பிறகு சண்டைக் காலம் வந்தது. சோதனைச்சாவடியில் கூரை போட்ட வண்டி என்றால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் இறக்கிக் காட்ட வேண்டும். திறந்த வண்டி சீக்கிரம் போய்விடும். அயலவர்கள் அப்பாவிடம் வந்து சொன்னார்கள்:

"கூரையைக் கழட்டிப்போட்டு ஓடுங்கோ ஐயா. கரைச்சல் குறையும்."

"மழை வந்தா ஆர் பதில் சொல்றது?" என்று அப்பா கேட்டார்.

அவர் கழற்றவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் இறக்கினார், ஏற்றினார். அந்தப் பிடிவாதத்தை நான் இன்றும் மதிக்கிறேன். கூரை அவருக்கு வெறும் தகடு அல்ல, தன் வண்டியில் ஏறுகிறவருக்கு அவர் கொடுத்திருந்த வாக்கு.

2009இல் சண்டை முடிந்தது. அதே வருடம் ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலத்தைத் திறந்தார்கள். 396 மீற்றர் நீளம், அப்போது நாட்டிலேயே நீளமான பாலம். துறையும் காத்திருப்பும் ஒரே நாளில் இல்லாமற் போயின. உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். 2016இல் என் மருமகன் ஒரு யோசனையோடு வந்தான்.

"மாமா, இந்தக் கூரையை வெட்டித் தாங்கோ. சபாரிக்கு ஓடலாம்."

அந்த வருடம் ஜனவரி 29ஆம் திகதிதான் இங்கிலாந்தில் சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து, எங்கள் வண்டியின் வழிவந்த பழைய வடிவ டிபென்டரின் கடைசி வண்டி வெளியே வந்திருந்தது. இனி இப்படி ஒரு வண்டியை அவர்களும் செய்யப்போவதில்லை. புதிய டிபென்டரில் செசியும் உடலும் ஒன்றாகவே இணைந்து வருகின்றன, கூரையைத் தனியே எடுக்க வழியில்லை. கழற்றிப் பூட்டுவதற்கென்றே பிறந்த ஒரு வண்டியைக் கிறைண்டரால் வெட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. கழற்றித் தருகிறேன், வெட்ட விடமாட்டேன் என்று சொன்னேன்.

கிண்ணியாவிலிருந்து வந்த வெல்டிங் நானா வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"வெட்டுறதெண்டா அரைநாள் வேல அண்ணன். கழட்டுறதெண்டா ஒவ்வொரு ஆணிக்கிட்டயும் கேட்டுக் கேட்டுத்தான் செய்யணும்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. லாண்ட்றோவரின் கூரை, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு வரிசைப் போல்ட்டாலும், இரு பக்கத் தகடுகளின் விளிம்பில் வேறு வரிசைகளாலும் பூட்டப்பட்டிருக்கிறது. பக்கத் தகடுகள் பின்தொட்டியின் விளிம்பில் பூட்டப்பட்டிருக்கின்றன. எங்கும் ஒட்டு இல்லை. ஆனால் இது கடற்கரை ஊர். உப்பு ஈரம் பட்டால் இரும்புப் போல்ட்டுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய மின்னோட்டம் உண்டாகும், அலுமினியம் வெள்ளைத் தூளாகக் கரையும். அரை நூற்றாண்டாகக் கடற்காற்றைக் குடித்த போல்ட்டுகள் இறுகிக் கிடந்தன. நானா இரவில் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊற வைத்தார், காலையில் மெல்லச் சூடுகாட்டித் திருப்பினார். அசையாதவற்றின் தலையைத் துளைத்து எடுத்தார். தகடு கிழியாமல் கடைசிப் போல்ட் வெளியே வந்ததும் நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக் கூரையைத் தூக்கினோம். இரும்பாக இருந்தால் இவ்வளவு இலகுவாக முடிந்திருக்காது. 1948இல் இருந்த தட்டுப்பாடு எங்களுக்குச் செய்த உபகாரம் அது.

மீண்டும் பூட்டும்போது இறுகக் கூடாது என்றால் இப்போதே வழி செய்ய வேண்டும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் அலுமினியத்தைத் தின்னும். உலோகம் இரண்டும் தொடாதபடி நைலோன் வாசரும் கிறீசும் வைக்க வேண்டும். கூரைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவே இருந்த றப்பர் பட்டி கருங்கல்லாகியிருந்தது, அதை முழுதாக மாற்றினோம். பின்தொட்டியின் மூலைகளில் வளைகுழாய் செருகும் குழிகளைச் சுத்தம் செய்து, நாகம் பூசிய புதுக் குழாய்களை வளைத்து நிறுத்தினோம். குஷன் வேலை செய்பவர் ஒருவர் படங்கைத் தைத்துத் தந்தார், பக்கவாட்டுக் கொக்கிகளில் கயிறு போட்டுக் கட்டும் பழைய முறையிலேயே.

திறந்த வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு என்று நான் கேட்டேன். உண்மையில் அந்த அலுமினியக் கூரையும் கவிழும் வண்டியின் பாரத்தைத் தாங்காது. ஆகவே முன் இருக்கைக்குப் பின்னால் தடித்த எஃகுக் குழாயில் வளையம் ஒன்று வைத்து, அதன் கால்களைத் தகட்டில் நிறுத்தாமல் செசியில் இறக்கிப் பூட்டினோம். இருக்கைப் பட்டிகளையும் அதனோடு சேர்த்துக் கட்டினோம். பயணிகள் இந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்று யானை பார்க்கிறார்கள். அது அவர்கள் உயிருக்காக வைத்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது எல்லா வகை ஜீப்புகளுக்கும் கூரையை வெட்டக் கேட்கிறார்கள். லாண்ட்றோவரில் கூரை தனி உறுப்பு. சுசுகி ஜிம்னி, பஜெரோ போன்ற மூடிய வண்டிகளில் கூரை கதவுத்தூண்களோடு ஒட்டிப் பிறந்தது. செசி தனியாக இருக்கும் வகைகளிலும் மேலுடலை நெளியாமல் பிடித்திருப்பதில் கூரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை வெட்டியெடுத்தால் கொஞ்சக் காலத்தில் தூண்கள் விலகும், கதவு பொருந்தாது, முன்கண்ணாடி வெடிக்கும். வெட்டத்தான் வேண்டும் என்றால் தூணுக்குத் தூண் குறுக்குச் சட்டம் வைத்து, வெட்டிய விளிம்புக்கு உள்ளே இரும்பு கொடுத்து, கூரையை மீண்டும் இறக்கிப் பூட்டத் தக்க விளிம்பும் நீர் ஓடும் பீலியும் அமைக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் வண்டியின் உடலமைப்பு எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஒப்புதலும் வேண்டும். அமெரிக்காவில் ஜீப் ராங்ளரையும் போர்ட் பிரொங்கோவையும் தொழிற்சாலையிலேயே கழற்றிப் பூட்டும் கூரையோடு செய்கிறார்கள். அங்கே பொறியியலாளர்கள் முன்கூட்டியே யோசித்துச் செய்வதை இங்கே ஒரு கராஜில் கிறைண்டரால் அரைநாளில் செய்துவிட முடியாது. எங்கள் பிள்ளைகள் இந்த வேலையை முறையாகப் படித்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அவர்களுக்கு அந்தத் திறமை நிறையவே இருக்கிறது.

வண்டி ஓடத் தொடங்கியதும் நான் பார்த்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். எங்கள் வீட்டில் ஏழ்மையின் அடையாளமாக இருந்த படங்கு, இப்போது அதிக வாடகைக்குப் போகிறது. படங்குக் காலத்தில் அம்மா முகத்தை மூடிக்கொண்ட அதே கந்தளாய் வழிப் புழுதியை முகத்தில் வாங்கிக்கொண்டு பயணிகள் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்கும் புயலுக்கும் வானத்திலிருந்து விழும் குண்டுக்கும் பயப்படாத ஒருவருக்கு வானம் இனிமையானதுதான். எங்கள் பிள்ளைகளும் அப்படி வானத்தைப் பார்க்கும் காலம் வந்ததில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். மருமகனின் பிள்ளைகள் பின்னால் நின்று காற்றில் கத்திக்கொண்டு போகிறார்கள். அந்த வயதில் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

ஆனாலும் கழற்றிய கூரையை விற்க நான் சம்மதிக்கவில்லை. விலை கேட்டு ஆட்கள் வந்தார்கள். கராஜின் விட்டத்தில் நாலு பட்டி போட்டு அதைத் தொங்கவிட்டிருக்கிறோம். சபாரிப் பருவம் முடிந்து ஒக்டோபரில் வாடைக்காற்று திரும்பும்போது கூரை இறங்கி வண்டியில் ஏற வேண்டும், மழைக்காலம் முடிந்த பிறகே மீண்டும் கழற்றலாம் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. ஒவ்வொரு வருடமும் போல்ட்டுகளைத் திருப்பிக் கிறீஸ் வைப்பதால் அவை இறுகுவதும் இல்லை. கழற்றும் பழக்கமே கூரையைக் காப்பாற்றுகிறது.

2020இல் கொரோனாவால் பயணிகள் இல்லை. ஜீப் சும்மா நின்றது. டிசம்பர் 2ஆம் திகதி புரேவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரை கடந்தது. முதல்நாளிலிருந்தே கரையோரச் சனத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு நகர்த்தினார்கள். மருமகனும் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கூரை பூட்டியிருந்தது. வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் நனையாமல் கொண்டுபோய் இறக்கினான். பயந்த அளவுக்குச் சேதம் வரவில்லை. இப்போது 1990 என்று அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, பாலம் இருக்கிறது, வீதி நன்றாக இருக்கிறது. ஆகவே அப்பாவின் காலத்தைப் போல ஊர் முழுவதும் ஒரு ஜீப்பை நம்பியிருக்கத் தேவையில்லை. அது நல்லது. என்றாலும் கடலோரத்தில் இருக்கிறவர்கள் இரண்டையும் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்பதே என் முடிவு. நல்ல காலத்தில் வானத்தைத் திறந்துவிடலாம், அதற்காகக் கூரையை அழித்துவிடக் கூடாது. அப்பா கேட்ட கேள்விக்கு நாங்களும் பதில் வைத்திருக்க வேண்டும்.