அம்பு எந்தப் பக்கம்?

காரின் ஏசி ஃபில்டரை வீட்டிலேயே மாற்ற, பெரும்பாலான வண்டிகளில் ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். க்ளவ் பாக்ஸைத் திறந்து, உள்ளே கிடக்கும் போன வருஷத்து இன்ஷூரன்ஸ், திருவேற்காட்டுக் குங்குமப் பொட்டலம், டோல்கேட் ரசீதுகள் எல்லாவற்றையும் சீட்டில் கொட்டிவிட்டு, பாக்ஸின் இரண்டு விலாவையும் உள்பக்கமாக அமுக்கினால் அது தொப்பென்று தொங்கிவிடும். பின்னால் ஒரு நீளமான மூடி. க்ளிப்பை அழுத்தி இழுத்தால் ஃபில்டர். பத்து நிமிஷ வேலை. தெருவில் ஆள் நடமாட்டம் மட்டும் இருக்கக் கூடாது. அம்பத்தூரில் அதற்கு வழியில்லை.

சர்வீஸ் சென்டரில் விடலாமே என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். அந்த பில்லை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃபில்டருக்கு ஒரு விலை, அதை மாட்டிய கைக்கு ஒரு விலை, நாம் கேட்கவே கேட்காத ஏதோ ஒரு 'ட்ரீட்மெண்ட்'டுக்கு இரண்டையும்விட அதிக விலை. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். ஃபில்டரின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதுதான் இதிலுள்ள ஒரே சூட்சுமம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் தொழிற்பேட்டை வந்தது 1964-ல். டி.ஐ. சைக்கிள்ஸ் அதற்கும் மூத்தது. பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ். டன்லப் ஃபாக்டரி மூடி எவ்வளவோ காலமாகியும் பஸ் ஸ்டாப் இன்னும் டன்லப்தான். இதன் பலன், எந்தத் தெருவிலும் லேத்தில் நின்றவர், ஃபிட்டராக இருந்தவர், குவாலிட்டி பார்த்தவர் என்று ஒரு முழு ஷிஃப்ட்டே ரிட்டயராகி உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஊர்ப் பெரியவர்கள் வாக்கிங் போவார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஸ்பேனர் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். நான் ஸ்பேனரைத் தொடவே இல்லை. க்ளவ் பாக்ஸ் தொங்கிய சத்தமே போதுமாக இருந்தது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு ஃபிட்டர். "என்ன சார், ஏசியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பழைய ஃபில்டர் அவர் கைக்குப் போய்விட்டது. காம்பவுண்டு சுவரில் ரெண்டு தட்டு. வேப்பஞ்சருகு, ஒரு முழுத் தட்டான், சி.டி.எச். ரோட்டில் கால் கிரவுண்டு, எல்லாம் கொட்டியது. "பாருங்க, புதுசு மாதிரி ஆயிடுச்சு. எதுக்கு சார் தண்டச் செலவு?"

அது வெறும் வலை இல்லை சார், நுண்ணிய செயற்கை இழை, அதில் மின்னேற்றம் இருக்கிறது, பொடித் தூசி அதில்தான் ஒட்டுகிறது, தட்டினால் சருகு விழும், பொடி விழாது, கழுவினால் இருக்கிற மின்னேற்றமும் போய்விடும் என்று நான் ஆரம்பித்தேன். இதையெல்லாம் முந்தின நாள் ராத்திரிதான் படித்திருந்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்க கம்பெனில ஏர் அடிச்சே இருபது வருஷம் ஓட்டினோம்." எதை ஓட்டினார்கள் என்று சொல்லவில்லை.

அடுத்து குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இவர் எதையும் தொட மாட்டார், ரிஜெக்ட் மட்டும் செய்வார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து புது ஃபில்டரைப் பார்த்தார். மடிப்புகளை எண்ணினார். முகர்ந்தார். "லோக்கல்" என்றார். எந்த ஊருக்கு லோக்கல்? அது எஸ்டேட்டிலேயே செய்ததாக இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

அப்புறம்தான் அம்புப் பிரச்சினை வந்தது. சில ஃபில்டர்களில் 'ஏர் ஃப்ளோ' என்று எழுதி, காற்று போகிற திசைக்கு அம்பு போடுவார்கள். சிலவற்றில் 'அப்' என்று எழுதி, எது மேல்பக்கம் என்று காட்டுவார்கள். என்னுடையதில் எழுத்தே இல்லை, அம்பு மட்டும். ஃபிட்டர் கீழே என்றார். இன்ஸ்பெக்டர் மேலே என்றார். மாடி வீட்டு ஐ.டி. பையன், "இருங்க அங்கிள்" என்று ஒரு வீடியோவைப் போட்டான். அது ஹிந்தியில் இருந்தது, அதுவும் வேறு காருக்கு. ஆனாலும் எல்லோரும் கடைசிவரை பார்த்தார்கள். பழைய ஃபில்டரில் அம்பு எப்படி இருந்தது என்று பார்த்திருந்தால் முடிந்துபோகிற விஷயம். நான் பார்ப்பதற்குள்தான் அது சுவருக்குப் போய்விட்டதே! பிறகு யாரோ ஒரு புண்ணியவான் ஊதுபத்தி கொண்டுவந்தார். ப்ளோயரைப் போட்டு, அந்தச் சந்தில் பத்தியை நீட்டினோம். புகை உள்ளே போனது. மேல்நோக்கிப் போனதா, கீழ்நோக்கிப் போனதா என்பதில் மறுபடியும் இரண்டு கட்சி. பால்காரர் நின்று, "புது வண்டியா சார்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இத்தனை நிபுணர்களில் ஒருவரும் டார்ச் பிடிக்கவில்லை. பிடிக்கச் சொன்னால் எல்லோருக்கும் வீட்டில் டிபன் ஆறிவிடுகிறது. அதற்காக நான் யோக்கியன் என்று அர்த்தமில்லை. அடுத்த தெருவில் யாராவது பானெட்டைத் தூக்கினால் நானும் போய், "பேட்டரியா?" என்பேன்.

எரிச்சல் அவர்கள்மேல் மட்டும் இல்லை. பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையோ வருஷத்துக்கு ஒருமுறையோ மாற்றினால் போதும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் பாடியிலிருந்து ஆவடிவரை ஜல்லி லாரிக்குப் பின்னால் போயிருக்க மாட்டார். தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், மூடிய மண் காய்ந்து பறப்பதற்குள் அடுத்த குழாய்க்காரர் வந்து தோண்டுகிறார். உள்காற்று பட்டனை அமுக்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் அந்தக் காற்றும் இதே ஃபில்டர் வழியாகத்தான் சுற்றுகிறது. நம் செருப்பில் வந்த மண்ணும் அதில்தான் சேரும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ப்ளோயர் நாலில் வைத்தாலும் ஒன்றில் வைத்த மாதிரிதான் வரும். நாம் கேஸ் போச்சு என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓடுவோம். அவரும் போச்சு என்பார்.

சரி, அம்புக்கு வருகிறேன். க்ளவ் பாக்ஸுக்குக் கீழே தலையை விட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே ஃபிட்டரின் குரல்: "சார், முன் டயர் உள்பக்கமாத் தேஞ்சிருக்கே, கவனிச்சீங்களா? அலைன்மெண்ட் போச்சு." இன்ஸ்பெக்டர், "அலைன்மெண்ட் இல்லை, புஷ்" என்றார். நான் தலையை வெளியே எடுப்பதற்குள் ஐ.டி. பையன் டிக்கியைத் திறந்து ஜாக்கைத் தேட ஆரம்பித்திருந்தான்.