டிக் டிக் சக்கரம்

கேள்வி: மிதிப்பதை நிறுத்தினால் என் ரோடு பைக்கின் பின்சக்கரம் 'டிக் டிக்' என்று கத்துகிறது. கெட்டி கிரீஸை அள்ளி அப்பினால் அடங்குமா?

பதில்: அடங்கும். பிறகு நீங்கள் மிதித்தாலும் வண்டி நகராமல் போகலாம்! ஃப்ரீஹப்புக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னக் கொக்கிகள் பல்வளையத்தில் தாவி விழும் சத்தம் அது. கெட்டி கிரீஸில் அவை ஒட்டிக்கொண்டால் பெடல் சும்மா சுற்றும். அங்கே மெல்லிய மசகு போதும். கிரீஸ் ஆசையை பால்ரஸிடம் காட்டுங்கள். ஷிமானோவின் கப்-கோன் வகை பின் ஹப் என்றால் பெரும்பாலும் பக்கத்துக்கு 9 குண்டுகள், கால் அங்குல அளவு. எண்ணிக் கழற்றுங்கள், ஒன்றாவது கட்டிலுக்கு அடியில் ஓடும். கோனைப் பூட்டும்போது மயிரிழை ஆட்டம் விடுங்கள். குவிக் ரிலீஸை இறுக்கியதும் அது மறைய வேண்டும். மறையாவிட்டால் மறுபடி கழற்றுங்கள், கட்டிலடியில் தேடிய குண்டும் அதற்குள் கிடைத்திருக்கும்.