கேட்டிருக்க மாட்டீங்க

எங்கள் அலுவலகத்தில் ஒரு பங்க் இசை ரசிகர் இருக்கிறார். மற்றவர்கள் வணக்கம் சொல்லும் இடத்தில் அவர் "இதை நீங்க கேட்டிருக்க மாட்டீங்க" என்பார். பதிலுக்குக் காத்திராமல் தன் காதிலிருந்து ஒரு இயர்பட்டைக் கழற்றி, சட்டையில் லேசாகத் துடைத்து, நம் காதில் செருகிவிடுவார். பிறகு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், தெர்மாமீட்டர் வைத்துவிட்டு நிற்கும் நர்ஸ் மாதிரி.

ஒரே கத்தலாக இருக்கும். ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். பங்க்கில் எனக்குப் பிடித்ததே அதுதான். ராமோன்ஸ் 1976-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை வருவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு தடவை கேட்டுவிடலாம். அவரிடம் சொன்னேன். "ராமோன்ஸா? அது டி-ஷர்ட் கம்பெனி சார்" என்றார்.

அவருக்கு வேண்டியது ஊர் பேர் தெரியாத குழு. போன மாதம் 'டெத்'. டெட்ராய்டைச் சேர்ந்த மூன்று கறுப்பின அண்ணன் தம்பிகள். ராமோன்ஸ் ஆல்பத்துக்கு முந்தைய வருடமே பாட்டுகளைப் பதிவுசெய்துவிட்டார்கள். குழுவின் பெயரை மாற்றச் சொன்னார் ரெக்கார்டு கம்பெனிக்காரர், முடியாது என்றார்கள். 1976-இல் தாங்களே ஒரு சிங்கிளை 500 தட்டு அடித்தார்கள். ஆல்பம் வெளியானது 2009-இல்! "முப்பத்துநாலு வருஷம் சார், ஒருத்தரும் கேக்கல" என்றபோது அவர் கண் கலங்கியது. துக்கமா, பெருமையா, தெரியவில்லை. டீக்கடையில் "ரெண்டு வாரமா வீட்ல டெத்துதான்" என்றார். மாஸ்டர் டீக்குக் காசு வாங்கவில்லை.

நிஜமான துக்கத்தை அவர் முகத்தில் பார்த்தது 2023 பிப்ரவரியில். ஐல் ஆஃப் வைட் தீவின் 'வெட் லெக்' குழுவை, 2021-இல் முதல் பாட்டு வந்தபோதே பிடித்துவைத்திருந்தவர் அவர். அவர்களுக்கு இரண்டு கிராமி விருது. கைகொடுக்கப் போனேன். "போயிட்டாங்க சார்" என்றார். மதியம் தயிர்சாதத்தை அப்படியே மூடிவைத்துவிட்டார்.

இதெல்லாம் தெரிந்தும் நேற்று வாய் தவறிவிட்டேன். "டெத் பிரமாதம் சார். என் பொண்ணுக்கு அனுப்பினேன், அவ கிளாஸ் பூரா இப்ப அதான் கேக்குதாம்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. என் காதிலிருந்த இயர்பட்டை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

இன்று காலை வணக்கம் மட்டும் சொன்னார்.