ராக் இசைக்குக் கோத்திரம் பார்த்தல்

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில், ரோச் பூங்காவின் பக்கம் மாலையில் காற்று வாங்க வருகிறவர்களுள் ஒரு சாரார், அந்தக் காரியத்தை விரைவில் முடித்துக்கொண்டு, தமிழ்நாட்டு ராக் இசைக்கு ஆதிபுருஷர் யார் என்னும் விசாரத்தில் இறங்கி, பரோட்டாக் கடைக்காரர் விளக்கை அணைக்கும் வரையில் எழுந்திருப்பதில்லை. இவ்விவகாரத்தைத் தர்க்க சாஸ்திர ரீதியாக எவரும் ஆராயாத குறையை நிவர்த்திக்கவே இக்கட்டுரை எழலாயிற்று.

இவ்விவாதம் முழுவதையும் ஆள்வது ஒரே விதி. ஒவ்வொரு ரசிகரும் தம் நாயகருக்குப் பிள்ளைகள் ஏராளம், தகப்பன் மட்டும் கிடையாது என்று ஸ்தாபிக்க முயல்கிறார். எதிரியின் நாயகருக்கோ தகப்பன், பாட்டன், முப்பாட்டன் வரை தேடிப்பிடித்துக் கொடுத்துவிடுகிறார். தம்மவர் சுயம்பு, மற்றவரெல்லாம் தத்துப்பிள்ளைகள். மேல்நாட்டாரும் இந்த நியாயத்துக்குப் புறம்பானவர் அல்லர் என்பதை, பீட்டில்ஸ் அன்பர் ஒருவரிடம் சக் பெர்ரியின் பெயரை மெல்ல உச்சரித்துப் பார்ப்பவர் அறிவர்.

உள்ளூர்ப் பட்சம் ஜே. பி. சந்திரபாபு. 1927 ஆகஸ்டில் இவ்வூரில் பிறந்து, பனிமய மாதாவின் பெயரைத் தாங்கி, சுதந்திரப் போராட்டக்காரரான தந்தையோடு இளமையில் கொழும்புக்குப் போய் வளர்ந்து, குரலைத் துள்ளவிடும் யோடலிங்கினால் தமிழ்த் திரையைக் கலகலக்கச் செய்தவராதலின் அவரே ஆதி என்பது பூர்வபட்சம். வ. உ. சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊரில் 'விதேசிச் சரக்கு' என்னும் வசைக்குத் தனி வலிமை உண்டு. எதிர்க்கட்சியார் அந்த வசையோடு ஜிம்மி ராட்ஜர்ஸ் என்னும் அமெரிக்கரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றனர். ஆனால் யோடலிங்கில் பெயர் பெற்ற அந்த ராட்ஜர்ஸ் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியதும் அதே 1927 ஆகஸ்டில்தான். ஒரே மாதத்து ஜனனங்கள் இரண்டில் ஒன்று மற்றதற்குப் பிதாவாவது எங்ஙனம்? இவ்வாதத்தைக் கேட்ட சபை வாயடைத்துப்போயிற்று. பிறந்த குழந்தை யோடல் பாடவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்தவர்கள் விசுவநாதன்–ராமமூர்த்தி. 1952-இல் 'பணம்' படத்தில் இரட்டையராய்ப் புகுந்து 1965-இல் பிரிந்த இவர்களைப் பீட்டில்ஸுக்கு நேர் நிகராக வைப்போர் பலர்; பிரிவுக்குக் காரணம் யார் என்னும் உபவிசாரணை மட்டுமே இரண்டு பரோட்டாவையும் ஒரு கிண்ணம் சால்னாவையும் விழுங்கிவிடும். 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' அவர்களுக்குப் பிரத்தியட்சப் பிரமாணம். ஆயினும் இக்கட்சிக்கும் சந்திரபாபு கட்சிக்கும் நடுவே வரப்புக் கட்டுவது எளிதன்று. 'புதையல்' படத்தில் சந்திரபாபு பாடியது இவ்விருவர் மெட்டுக்கே. 'மரகதம்' படத்தில் அவரைப் பாடவைத்த எஸ். எம். சுப்பையா நாயுடுவோ, விசுவநாதன் உதவியாளராயிருந்து தொழில் பழகிய குரு. வழக்காடிகள் சம்பந்திகளாகிவிட்டால் நீதிபதி என்ன செய்வார்?

1976-இல் 'அன்னக்கிளி'யோடு உலகம் தொடங்கியதாகக் கொள்ளும் இளைய தலைமுறையாரின் சங்கடம் வேறு. 1986-இல் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைஞர் பாக் என்பவருக்கும் சமர்ப்பித்து, இளையராஜா தம் பூர்விகத்தைத் தாமே பகிரங்கப்படுத்திவிட்டார். சுயம்புவே வாய்திறந்து தகப்பன் பெயரைச் சொல்லிவிட்டால் பக்தன் கதி என்னாவது!

கட்சி எதுவாயினும், சிப்பிக்குள் புகுந்த அந்நியப் பொருளன்றோ முத்தாகிறது என்னும் திருஷ்டாந்தம் சபையில் தவறாமல் வந்துவிடும். ஆனால் மாதிரிச் சிப்பிகளை உடைத்து முத்தை மதிப்பிட்ட பின்னரே முத்துக்குளிப்பாகிய சலாபத்தை அறிவித்த சர்க்கார் முறையைப் பின்பற்றி, ஒரு பாட்டையேனும் கேட்டுவிட்டு வாயைத் திறந்த வாதியை நான் கண்டதில்லை. இங்கே முத்துச் சலாபம் 1961-உடன் நின்றது; உவமை நிற்கவில்லை.

இறுதியில் பெரியவர் ஒருவர் எழுந்து, இலங்கைப் பைலாவைப் பெற்றவர் போர்த்துக்கேயர், சிலோன் மனோகரின் பொப் அதன் பேரப்பிள்ளை, அதே போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் இக்கரையிலும் இறங்கியவர்; ஆதலின் கிதார் பிடித்தவரெல்லாம் ஒரே வீட்டார் என்று தீர்ப்புக் கூறுவார். இதில் தர்க்கப் பிழைகள் பல. ஆனால் மறுக்க எழுந்தவர் ஒரு பெர்னாண்டோ. அவருக்குத் துணை நின்றவர் ஒரு ரோட்ரிகோ. அந்தப் பட்சம் இன்றளவும் கண்டனமின்றி நிற்கிறது.