வரிக்கு யார் பொறுப்புங்க?

கேள்வி: கோவையில் சொத்து வரி இப்படி ஏறுகிறதே, நம்ம கவுன்சிலர்கள் என்னதான் செய்கிறார்கள்?

பதில்: பேசுகிறார்கள், மைக்கும் வேலை செய்கிறது. 2022-ல் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம் என்று உயர்வை அறிவித்தது சென்னைக் கோட்டை. வரி வசூலை உயர்த்தினால்தான் மானியம் என்று நிபந்தனை போட்டது 15-வது நிதிக்குழு. டவுன்ஹாலில் உட்கார்ந்திருக்கும் 100 கவுன்சிலர்களுக்கு மிச்சம், திட்டு வாங்குவது மட்டும்தான். உயர்த்தாமலே விட்டிருக்கலாமே என்பீர்கள். 2018-ல் உயர்த்தியதை 2019-ல் நிறுத்திவைத்துப் பார்த்தாயிற்று. தள்ளிப்போட்டது மொத்தமாக வந்து விழுந்தது. ஆனால் வரிப்பணத்தின் செலவுக் கணக்குக்குக் கவுன்சிலர்கள் கோட்டையைக் கைகாட்ட முடியாது. உங்கள் வார்டில் ஏரியா சபை கூடும்போது வரி ரசீதோடு போய், சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்க.