கொக்குவிலின் ரிமோட் மாஸ்ரர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வகைகளை வரிசைப்படுத்தப் புகும் ஆய்வாளர் ஒருவர் இளைப்பாறிய தபாலதிபரோடும் கலியாணத் தரகரோடும் நிறுத்திக்கொள்வாராயின், கொக்குவிலில் காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளில் சட்டைப்பையில் ஒரு கொப்பியோடு சைக்கிளில் திரியும் ‘ரிமோட் மாஸ்ரர்’ என்னும் வகையினரைத் தவறவிட்ட குறைக்கு ஆளாவார். மாஸ்ரர் எந்தப் பள்ளியிலும் படிப்பித்தவர் அல்லர். பல நிறுவனங்களின் தொலைக்காட்சிகளை இயக்கவல்ல பொது ரிமோட்டை ஒரு வீட்டுப் பெட்டியோடு இணக்கிக் கொடுப்பதில் தேர்ந்தமையால் ஊர் அவருக்கு வழங்கிய பட்டமே அது.

இக்கலையின் அடிப்படை சிக்கலானதன்று. ரிமோட்டின் முனையிலுள்ள சிறு குமிழ், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை, பெரும்பாலும் வினாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கும் அலையாக, விட்டுவிட்டு அனுப்புகிறது. அத்துடிப்புகளின் நீளமும் இடைவெளியும் சேர்ந்த கோலமே ‘கோட்’ எனப்படும். நிறுவனங்கள் வெவ்வேறு கோலங்களைக் கையாள்வதால், ஒன்றின் ரிமோட் சொல்வதை மற்றதன் பெட்டி பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. அப்பிள் நிறுவனத்தை நிறுவியோரில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் 1987 இல் வெளியிட்ட ‘கோர்’ என்னும் ரிமோட், பழைய ரிமோட்டுகள் அனுப்பும் கோலங்களை உள்வாங்கிக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஊர்க் கடைகளில் கிடைக்கும் மலிவான பொது ரிமோட்டோ, தனக்குள் ஏற்கெனவே பதிந்திருப்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுமேயன்றிப் புதிதாக எதையும் கற்காது. இவ்வொரு பண்பில் மாஸ்ரரும் அவர் கையிலுள்ள கருவியும் ஒன்றே.

கோட் தெரியாத பெட்டிக்குத் ‘தேடல்’ என்னும் முறை கையாளப்படும். ‘செற்’ பொத்தானை அழுத்திப் பிடித்துச் சிவப்புக் குமிழ் எரிந்ததும் ரிமோட்டைப் பெட்டிக்கு நேரே நீட்டினால், அது கோலங்களை ஒவ்வொன்றாக அனுப்பிச் செல்லும். பெட்டி அணையும் கணத்தில் மற்றொரு பொத்தானை அழுத்தித் தேடலை நிறுத்தவேண்டும். நாடகத்தைப் பார்க்கவென்று அழைத்தவர்கள் அந்நாடகம் நடுவில் இருண்டதும் மகிழ்ந்து ஆரவாரிக்கும் விந்தை இத்தொழிலுக்கே உரியது. ஆயினும் வீட்டார் முகங்களில் வியப்பைக் காண மாஸ்ரர் திரும்பும் இடைவெளியில் ரிமோட் இரண்டு மூன்று கோலங்களைத் தாண்டிவிடுவதால், தேடல் மறுபடியும் தொடக்கத்திலிருந்து நிகழ்வதே வழக்கம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, பெற்றோருக்குப் பெரிய பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்கோ லண்டனுக்கோ பிள்ளைகள் திரும்பியதும் மாஸ்ரரின் பருவகாலம் தொடங்குகிறது. “அண்ணை, எங்கட ரிமோட் வேலை செய்யுதில்லை, ஒருக்கா வந்து பாருங்கோவன்” என்ற அழைப்புக்கு அவர் மறுப்புச் சொல்வதில்லை, கூலி நீட்டினால், “உதுக்கு ஏன் பிள்ளை காசு? ஒரு பிளேன்ரீ போதும்” என்பார், பிளேன்ரீயோடு வடையும் வருவது மரபாகையால் அதை அவர் தனியே குறிப்பிடுவதில்லை.

இவ்வகையினரின் தோற்றத்தை அறிய 1990களுக்குச் செல்லவேண்டும். போர்க்காலத்தில் குடாநாட்டின்மீது இருந்த பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைத்தற்கரிய பொருளாகி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட அக்காலத்தில், எந்தக் கருவியும் முற்றாகச் செத்துப்போவதில்லை என்ற நம்பிக்கை இளைஞராயிருந்த மாஸ்ரருக்குள் வேரூன்றியது. இன்றும் பழுதான ரிமோட் கைக்கு வந்ததும், கடையில் புதுப் பற்றரி தாராளமாகக் கிடைத்தபோதிலும், பழையதைக் கழற்றி உருட்டி வெயிலில் வைத்துப் பார்த்த பின்னரே அவர் அடுத்த கட்டத்துக்குச் செல்வார்.

பற்றரியைக் கழற்றினால் பதித்த கோட்டை மறந்துவிடும் இயல்பு மலிவான ரிமோட்டுகள் சிலவற்றுக்கு உண்டு. சுவர் மணிக்கூடு நின்றதும் வீட்டு அம்மா ரிமோட்டின் பற்றரியை அதற்கு மாற்றுவதால், நேரம் மீண்டும் ஓடத் தொடங்கும் அந்த வேளையிலேயே மாஸ்ரரின் தேவையும் மீண்டும் பிறக்கிறது. கோட்டின் எண்ணைப் பற்றரி மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்தால் இத்தொல்லை தீரும். ஆனால் பரியாரி தம் வாகடத்தைப் பிறருக்குக் காட்டாததுபோல, மாஸ்ரரும் எண்களைத் தம் கொப்பியில் மட்டுமே எழுதுவார்.

அண்மைக்காலத்தில் அவருக்குப் போட்டியாக, அகச்சிவப்புக் குமிழ் பொருத்திய கைத்தொலைபேசியோடு பள்ளிப் பொடியன்கள் கிளம்பியுள்ளனர். கோட்டும் கொப்பியும் இல்லாமலே, திரையில் நிறுவனத்தின் பெயரைத் தொட்டு அவர்கள் பெட்டியை இயக்கிவிடுகின்றனர். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டை மறவாத மாஸ்ரர் இதற்கு, “போனிலை சார்ஜ் இறங்கினா ரீவியை ஆர் தம்பி நிப்பாட்டுறது?” என்னும் ஒரே கேள்வியை எழுப்புவார். கரண்ட் இல்லாதபோது பெட்டியும் தானாகவே நிற்கும் என்பது எவருக்கும் உடனே தோன்றுவதில்லை. பெட்டியின் விளிம்புக்கு அடியில் கையால் அழுத்தும் பொத்தான் ஒன்று இருப்பதை மாஸ்ரர் நெடுங்காலமாக அறிவார்; எனினும் அது அவருடைய பாடத்திட்டத்தில் இதுவரை சேர்க்கப்படவில்லை.