நவம்பரைக் கப்பல் ஏற்றிய கதை

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேற வந்துகொண்டிருந்தது. சென்னையில் பள்ளிகளுக்கு லீவு. மத்தியானம் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மனைவிக்கு அன்றைக்கும் ஆபீஸ் மீட்டிங். லேப்டாப்போடு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் நான், 7 வயது மகள், 4 வயது மகன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "இன்னிக்கு போனும் கிடையாது, டிவியும் கிடையாது. அப்பா சின்ன வயசுல விளையாடினதெல்லாம் விளையாடப் போறோம்" என்று அறிவித்துவிட்டேன். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிற ஊர் இது. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மழைநாள் விளையாட்டு தெரியாமலா போகும்? தெரியாது. எங்கள் வீட்டில் கப்பல் செய்தது அக்கா. பல்லாங்குழி ஆடியது அக்காவும் பாட்டியும். நான் செய்ததெல்லாம் கப்பலைக் கல்லால் அடித்து மூழ்கடித்தது.

முதலில் பல்லாங்குழி. பலகை இல்லை. பணியாரச் சட்டியில் 7 குழி இருக்கிறதே! எதிர்வீட்டு மாமியிடம் இன்னொரு சட்டி வாங்கிவந்தேன். மொத்தம் 14 குழி, கணக்கு சரி. நாங்கள் வாங்குவது கொட்டை எடுத்த புளி என்பதால், புளியங்கொட்டைக்குப் பதில் கொண்டைக்கடலை 70 எண்ணிக் குழிக்கு 5 போட்டேன். அதுவரை நான் மேதை.

பலகையில் குழிகள் வரிசையாக இருக்கும். சட்டியில் ஆறு சுற்றி, ஒன்று நடுவில். நடுக்குழி எத்தனையாவது? "கடைசி" என்றேன். தோற்கப்போகிறேன் என்று தெரிந்ததும் "முதல்" என்றேன். குழியில் 4 சேர்ந்தால் பசு. குழிக்குச் சொந்தக்காரர் அள்ளிக்கொள்ளலாம். மகளுக்கு வரிசையாக மூன்று பசு விழுந்ததும், பசுவுக்கு 6 வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினேன்.

"போப்பா, நீ அழுகுணி ஆட்டம் ஆடறே."

தம்பி இரண்டு சட்டியையும் கவிழ்த்து வழக்கை முடித்துவைத்தான். தேடி எடுத்ததில் 58 கடலைதான் தேறியது.

அடுத்து கப்பல். சாதாக் கப்பல் போதாதென்று கத்திக் கப்பல் என்று சொல்லித் தொலைத்தேன். செய்தித்தாள் சீக்கிரம் ஊறிவிடும், வழவழப்பான மாதக் காலண்டர் தாள்தான் தாங்கும் என்பது அக்காவிடம் கற்ற ஒரே பாடம். விடிந்தால் டிசம்பர், நவம்பருக்கு இனி என்ன வேலை? கிழித்து மடித்தேன். தொப்பி வந்தது. கப்பலுக்குப் போகிற வழியில் தொப்பி வரும் என்று தெரியும். தொப்பியிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் மறந்துபோயிருந்தது. தம்பி அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு போலீஸ் ஆகிவிட்டான். நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் யூடியூபைத் திறந்தேன்.

"அப்பா, உள்ள யாரு பேசறா?" கதவுக்கு வெளியே மகள். சத்தத்தைக் குறைக்க மறந்திருந்தேன்.

கடைசியில் உருவானது சாதாக் கப்பல்தான். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் மாடிப்படி அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் விட்டோம். ஒருபக்கமாகச் சாய்ந்தபடியே பார்க்கிங்கைக் கடந்து, கேட் இடுக்கில் நுழைந்து, தெருவோடு போயேவிட்டது. இரண்டும் குதித்துக் குதித்துக் கைதட்டின. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மீட்டிங் முடிந்து வந்தவள் சுவரைப் பார்த்தாள். "நவம்பர் எங்கே?"

பால் பாக்கெட் வேண்டாம் என்று சொன்ன நாட்களை அந்தத் தாளில்தான் பென்சிலால் சுழித்து வைத்திருந்தாளாம். போதாததற்கு அது 6 தாள் காலண்டர். நவம்பரின் முதுகில்தான் டிசம்பர்.

மறுநாள் கணக்கு பார்க்க வந்த பால்காரரிடம், பால் வாங்காத நாள் 3 என்றேன் நான், 4 என்றாள் அவள், ஒன்றுகூட இல்லை என்றார் அவர். 30 நாளுக்கும் பணம் கொடுத்தேன். டிசம்பர் முழுக்க எங்கள் வீட்டுச் சுவரில் அக்டோபர்தான் தொங்கியது.